பாட்டுக்காரன் யாருக்கு ஆள்?

(சங்கரன்கோவிலில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "பாட்டும் பிழைப்பும்" என்பதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் கடவுள், மதம், ஜாதி, புராணம் ஆகியவைகளைப் பற்றியல்லவா பேசுவார்கள், பாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பாட்டுக்காரன் பிழைப்பைப் பற்றிப் பேசப் புகுந்தால், கூப்பிடாமலே கடவுளும் வந்துவிடுவார், ஜாதியும் வந்துவிடும், ஜமீன்தாரும் முதலாளியும் பின்னாலேயே வந்து நிற்பார்கள். ஆகையால் இது நம்முடைய விஷயந்தான்.

இக்காலத்தில் நமது ஊர்களில் வாலிபர்கள் பலர் கித்தார் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தாமே பாட்டுக் கட்டி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிறார்கள். மின்சாரமும் வேண்டாம், பக்க வாத்தியமும் வேண்டாம். ஆறு தந்தியும் தொண்டையும் போதும். நாட்டுப்புற மெட்டில் நாட்டு நடப்பைப் பாடுகிறார்கள். சினிமாக் கம்பெனியின் வாசலில் நிற்காமலும், கோவில் தர்மகர்த்தாவின் தயவை நாடாமலும் தனித்து நிற்க வேண்டுமென்பது இவர்கள் ஆசை. வீட்டில் பெற்றோர் என்ன சொல்லுகிறார்கள்? "இதை வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியுமா?" என்று கேட்கிறார்கள். தறியில் நின்று பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறோம். அதாவது, யாருடைய சோற்றைத் தின்று பாடுவது? சோறு போடுகிறவன் யாரோ அவன் சங்கதியைத்தான் பாட்டு பேசும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கு உதாரணங்கள்.

ஜமீன் சோறு

உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தச் சங்கரன்கோவிலுக்கு அடுத்த சென்னிகுளத்தில் 1865-ம் வருஷத்தில் அண்ணாமலை ரெட்டியார் பிறந்தார். 1891-ல் இறந்துபோனார். இருபத்தாறு வயதுக்குள் அவர் செய்துவிட்டுப் போன காவடிச் சிந்து இன்றைக்கும் தமிழ்நாடு முழுவதும் பாடப்படுகிறது. காவடி சுமந்து கால்நடையாய்ப் போகிறவர்கள், நடை தளராதிருக்கப் பாடிக்கொண்டு போன தெரு மெட்டுகளை எடுத்து, பண்டிதனும் தலையாட்டும்படி செய்த கெட்டிக்காரர் அவர். பாமரன் மெட்டு உயர்ந்த சபைக்கு லாயக்கில்லை என்று சொன்னவர்கள் வாயை அவர் பாட்டு அடைத்துவிட்டது. இதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம்.

இவ்வளவு திறமை உள்ளவருக்குச் சோறு போட்டது யார்? ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். அவர் தமிழை மதித்தவர், புலவர்களை ஆதரித்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரண்மனை வாசலில் இருக்கும் புலவன் எதைப் பாடுவான்? ஜமீனின் ஊராகிய வீரகேரளம்புதூர்க் கோவிலைப் பாடினார். உங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் கோவிலைப் பாடினார். கழுகுமலை முருகனைப் பாடினார். கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டை உழுதவனுடைய கஷ்டத்தைப் பாடென்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சொல்ல ஆள் இருந்தாலும், அதைப் பாடினால் மறுநாள் அரண்மனையில் இலை போடுவார்களா?

அவர் இறந்து நாலே வருஷத்தில், 1895-ல், அதே கழுகுமலையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தேரோடும் வீதி வழியாக நாடார் வகுப்பார் ஊர்வலம் போகலாமா கூடாதா என்கிற தகராறு கலகமாக மூண்டு மனித உயிர்கள் போயின. முருகன் பேரால் பாட்டுப் பாடிக் காவடி எடுக்கலாம். ஆனால் அவன் வீதியில் இன்ன ஜாதியான் நடக்கலாம், இன்ன ஜாதியான் நடக்கக் கூடாது! பாட்டில் அவ்வளவு அழகாயிருந்த ஊர், மனிதன் கால் வைக்கப் போனபோது எப்படி இருந்தது பார்த்தீர்களா?

இதற்காக ரெட்டியார்மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. அக்காலத்தில் பாட்டுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? டிக்கட் வாங்கிக் கேட்க எத்தனை பேரிடம் காசு இருந்தது? ஜமீனை விட்டால் மடம், மடத்தை விட்டால் கோவில். புலவனுக்கு வேறு போக்கில்லை. வேறு போக்கு இல்லாதபடி ஒரு சமூகம் இருந்ததே, அதன்மேல்தான் நம் குற்றச்சாட்டு.

டிக்கட் காசும் ஜாதியும்

பிறகு நாடகக் கொட்டகை வந்தது. இது பெரிய மாறுதல். ஜமீன்தார் ஒருவர் கொடுக்கும் நூறு ரூபாய்க்குப் பதிலாக, ஆயிரம் ஏழைகள் ஆளுக்கு ஓரணா இரண்டணா கொடுத்து மண்தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். இப்பொழுதுதான் பாட்டுக்காரனுக்கு முதுகெலும்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்படி நிமிர்ந்து நின்றவர்களில் ஒருவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் மருத்துவர் வகுப்பில், அதாவது நாவிதர் என்று ஊரார் தள்ளி வைத்திருந்த வகுப்பில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மேடையிலே முருக வேஷத்தில் வந்து, கதைக்கு நடுவே வெள்ளைக்காரன் ஆட்சியைக் கண்டித்துப் பாடுவார். மதுரை பாஸ்கரதாஸ் கட்டிக் கொடுத்த வெள்ளைக் கொக்குப் பாட்டை அவர் பாடினால், கொக்கு யார் என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். பாட்டுக்காக அவர் பல தடவை கைதானார், ஜெயிலுக்கும் போனார். வெளியே வந்ததும் மறுபடியும் அதே பாட்டு. அவர் காங்கிரசுக்காரர், நமக்கும் அவர் கட்சிக்கும் கொள்கையில் வித்தியாசம் உண்டு. ஆனால் துணிவுள்ளவனைத் துணிவுள்ளவன் என்று சொல்லக் கட்சி நமக்குத் தடையல்ல.

சர்க்காரின் போலீஸ் அவரைத் துன்பப்படுத்தியது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், உயர்ந்த ஜாதி என்று சொல்லிக்கொண்ட நடிகர்களும் நடிகைகளும் "நாவிதனோடு நடிக்க மாட்டோம்" என்று மறுத்தார்கள். இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். மயில்மேல் உட்கார்ந்து வேஷம் போட்டிருக்கும்வரை அவர் முருகன். கொட்டகையிலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். வேஷம் கலைத்துக் கீழே இறங்கினால் தீண்டாத ஆள்! அப்படியானால் ஜனங்கள் கும்பிட்டது எதை? அட்டை மயிலையும் அரிதாரத்தையுமா? பாடிய மனுஷன் மேலும் கீழும் ஒருவன்தானே?

1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே, மயில் வாகனத்தின் மேலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்று திருமங்கலத்தில் அவர் பெயரால் நினைவில்லம் இருக்கிறது. செத்த பின் நினைவில்லம். உயிரோடிருந்தபோது உடன் நடிக்க மறுப்பு. இதுதான் நமது நாட்டில் கலைக்குக் கொடுக்கிற மரியாதை.

தோளில் கிடக்கும் துண்டின் கதையும் இதைச் சேர்ந்ததே. 1930-ஐ ஒட்டிய காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஓர் ஊர்வலத்தில் நாதசுரம் வாசித்த வித்துவான் சிவக்கொழுந்துவைத் தோள் துண்டை எடுக்கும்படி அதட்டினார்கள். வாத்தியம் வேண்டும், வாசிக்கிறவன் தோளில் துண்டு மட்டும் கூடாதாம். அப்பொழுது நமது பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கிட்டு, துண்டை எடுக்காமல் வாசிக்கச் சொன்னார். பாட்டுக்காரனுக்குச் சுயமரியாதை இயக்கம் செய்த காரியம் இது. சங்கீத ஞானத்தைப் பற்றிச் சர்ச்சை செய்யவில்லை. துண்டு தோளிலேயே இருக்கட்டும் என்று சொல்லிற்று.

மடியில் தலைகீழாய்க் கித்தார்

இது ஜாதி பிடித்த நமது நாட்டுக் கதை; கித்தார் வீட்டுக்கு வீடு பழகிப்போன அமெரிக்காவில் பாட்டுக்காரனுக்கு இத்தொல்லை இராது என்று யாராவது நினைத்தால், அதுவும் சரியல்ல. அங்கே ஜாதியின் இடத்தில் நிறம் இருக்கிறது. கோவிலின் இடத்தில் சர்ச்சு இருக்கிறது. தனித்து நின்று கித்தார் வாசித்துத் தாமே பாட்டுக் கட்டிய ஒரு மூதாட்டியின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

அவர் பெயர் எலிசபெத் காட்டன். வடகரோலினா மாகாணத்தில் 1893-ல் நீக்ரோ என்று வெள்ளையர் இழிவாய் அழைத்த கறுப்பு இனத்தில் பிறந்தவர். பத்து வயதுக்குள் பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் ஒரு டாலர் அளவே. அதில் மிச்சம் பிடித்து, மூன்றே முக்கால் டாலருக்கு ஒரு கித்தார் வாங்கினார். இவருக்கோ இடது கை பழக்கம். கித்தார் வலது கைக்காரர்களுக்குச் செய்தது. கற்றுக் கொடுக்கக் குருவும் கிடையாது. என்ன செய்தார்? கித்தாரைத் தலைகீழாய்ப் பிடித்தார். மற்றவர்கள் கட்டை விரலால் மீட்டும் தடித்த தந்திகளை விரல்களால் மீட்டினார். விரல்களால் வாசிக்கும் ராகத்தைக் கட்டை விரலால் வாசித்தார். பின்னால் அந்த முறைக்கே அவர் பெயரை வைத்தார்கள். பதின்வயதிலேயே, வீட்டருகே ஓடும் சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்.

பிறகு சர்ச்சுப் பெரியவர்கள் வந்தார்கள். கடவுள் பாட்டை விட்டு லௌகீகப் பாட்டைப் பாடுவது பாவம், நிறுத்து என்றார்கள். கலியாணம், குழந்தை, வீட்டு வேலை, இவற்றோடு பாவ பயமும் சேர்ந்து கித்தாரை மூலையில் வைத்துவிட்டார். பல பத்து வருஷங்கள் அவர் கைக்கும் கித்தாருக்கும் சம்பந்தமில்லாது போயிற்று. அந்த வருஷங்களை எந்தக் கடவுள் திருப்பிக் கொடுத்தார்?

1940-களில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வழி தவறிய ஒரு சிறு பெண்ணைத் தாயிடம் சேர்த்தார். அத்தாய் சங்கீத நிபுணரான ரூத் கிராபோர்டு சீகர். அக்குடும்பத்தில் சமையல், வீட்டு வேலைக்கு இவர் சேர்ந்தார். சுவரில் தொங்கிய கித்தாரை ஒரு நாள் எடுத்து வாசித்தார். பாத்திரம் துலக்குகிற கையில் இவ்வளவு வித்தை இருக்கிறதென்பது அப்பொழுதுதான் வெளியாயிற்று. அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958-ல் முதல் இசைத்தட்டு வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து.

அதற்குள் அவருடைய ரயில் பாட்டு கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டது. 1957-ல் அங்கே ஏராளமாய் விற்றது. ஆனால் பாட்டைக் கட்டியவர் என்று வேறு இரண்டு பேர் பதிவு செய்துகொண்டார்கள்! அமெரிக்காவிலே ஒரு வேலைக்காரி துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிறுமியாயிருந்தபோது கட்டிய பாட்டுக்கு இங்கிலாந்தில் யாரோ காசு வாங்குகிறார்கள். பின்பு நண்பர்கள் முயற்சியால்தான் அவர் பெயரும் பங்கும் அதில் ஏறின.

அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராய்ப் போய்ப் பாடினார். பாடிச் சம்பாதித்த பணத்தில் சிரக்யூஸ் நகரில் வீடு வாங்கினார். தொண்ணூறு வயதுக்கு மேல், 1985-ல், கிராமி பரிசு பெற்றார். 1987-ல் காலமானார். வீட்டு வேலைக்காரியாய்ச் சாக வேண்டியவர், பாட்டுக்காரியாய்த் தம் வீட்டுக்குச் சொந்தக்காரியாய்ச் செத்தார். இது கடவுள் கிருபையால் ஆனதா? தம் பாட்டு தம்முடையது என்று ஆனதாலும், கேட்டவர்கள் காசு கொடுத்ததாலும் ஆனது.

மெட்டு யாருடையது?

தோழர்களே! மதக்காரர்கள் பாட்டின் வலிமையை நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் ஒவ்வொரு கோவிலிலும் ஓதுவார், ஒவ்வொரு சர்ச்சிலும் பாட்டுக் கோஷ்டி. இதை அறிந்த ஒரு தொழிலாளி அமெரிக்காவில் இருந்தார். ஸ்வீடன் தேசத்தில் 1879-ல் பிறந்து பிழைக்கப் போன ஜோ ஹில் என்பவர். அவர் என்ன செய்தார்? தெருமுனையில் பாதிரிகள் பாடிய பஜனை மெட்டுகளையே எடுத்து, வார்த்தையை மாற்றினார். உயிரோடிருக்கையில் பட்டினி கிட, செத்தபின் ஆகாயத்தில் பணியாரம் கிடைக்கும் என்று பிரசங்கம் செய்கிறவர்களைக் கிண்டல் செய்து 1911-ல் அவர் கட்டிய பாட்டு, தொழிலாளர் கூட்டமெல்லாம் பரவிற்று. அவர்மேல் ஒரு கொலை வழக்கைச் சாட்டி, 1915-ல் யூட்டா மாகாணத்தில் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை நியாயமாய் நடக்கவில்லை என்று அன்றே உலகமெங்கும் தொழிலாளர் கண்டித்தார்கள். ஆனால் பாட்டைச் சுட முடியவில்லை.

நமது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் இதே வேலையைச் செய்தார். நந்தனார் கதை சொல்லும் காலட்சேப முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, 1949-ல் "நல்லதம்பி" படத்தில் "கிந்தனார்" கதையைச் சொன்னார். நந்தன் சிதம்பரம் போய் நெருப்பில் இறங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படித்து ஆளானான். கதை சொல்லும் முறை பழையது. போய்ச் சேர்ந்த இடம் புதியது. மெட்டுக்கு மதம் கிடையாது, ஜாதியும் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நம் காலத்தில் 2018 ஜனவரியில் சென்னையில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற கோஷ்டி மேடையேறிற்று. ஜாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து எடுத்த பெயர் அது. கானாப் பாட்டும் பறையும் கித்தாரும் ஒரே மேடையில் சமமாக நின்றன. இதே நாட்டில் 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். யார் தயவும் இல்லாமல் பாடுகிறவனுக்கு, பாதுகாப்புக் கொடுக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள், கேட்கிற ஜனங்களைத் தவிர.

கூலி கேட்டால் பாவமா?

கலை தெய்வீகமானது, சரஸ்வதி கடாட்சம், அதைக் காசுக்கு விற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தோழர்களே, இது கூலி கொடுக்காமலிருக்கக் கண்டுபிடித்த தந்திரம். கித்தார் பழகுகிறவன் இடது கை விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தந்தி அறுத்து அறுத்துக் காய்ப்புக் காய்த்திருக்கும். தறிக்காரன் கையைப் போல, சம்மட்டி பிடிப்பவன் கையைப் போல அதுவும் உழைத்த கை. அந்தக் காய்ப்பு சரஸ்வதி கொடுத்ததா, சாதகம் கொடுத்ததா? உழைப்பென்று ஒப்புக்கொண்டால் கூலியையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது ஊர்களில் கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கிறோம். வாண வேடிக்கைக்கும் பந்தலுக்கும் அதிலிருந்து கொட்டிக் கொடுக்கிறோம். தானே பாட்டுக் கட்டிப் பாடும் வாலிபனைக் கூப்பிட்டால் மட்டும், "பஸ் செலவு தருகிறோம், உனக்கு நல்ல விளம்பரம்" என்கிறோம். விளம்பரத்தை உலையில் போட்டால் சோறாகுமா? ஒரு கிராமத்தில் நூறு பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டால் ஐயாயிரம் ரூபாய். மாதம் நாலு ஊர் இப்படிக் கூப்பிட்டால் இருபதாயிரம். அவன் எந்தத் தர்மகர்த்தாவையும், எந்தச் சாராய வியாபாரியையும் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. நாம் ஐம்பது ரூபாய் கொடுக்காவிட்டால், கொடுக்கிறவன் வேறொருவன் வருவான். பாட்டும் அவன் பக்கம் போய்விடும். பிறகு "நம்மைப் பற்றிப் பாட ஆளில்லையே" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

பாடுகிற வாலிபர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் கட்டிய பாட்டு கட்டிய நிமிஷத்திலேயே உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் அறுபது வருஷமும் அந்த உரிமை நிற்கும். 2012-ல் செய்த திருத்தத்தின்படி, சினிமாவுக்கோ இசைத்தட்டுக் கம்பெனிக்கோ பாட்டைக் கொடுத்தாலும், பின்னால் வரும் உரிமைத்தொகையில் பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. சினிமாக் கொட்டகையில் படத்தோடு காட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. ஆகையால் படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், பெயரோடு வெளியிடுங்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் கட்டிய நமது பாட்டிமார்கள் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? பெயரை இழந்தவர்கள் கூலியையும் இழந்தார்கள்.

வயிற்றுக்கு வேறு தொழில் செய்துகொண்டு பாடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. பகலில் தறி, இரவில் கித்தார் என்றிருந்தால், எவனுக்கும் பயப்படாமல் பாடலாம். கேவலம் எதுவென்றால், வயிற்றுக்காகப் பொய்யைப் பாடுவதுதான்.

கடைசியாகக் கேட்கிறவர்களுக்கு. உங்கள் வீட்டுக் கலியாணமானாலும், சங்கத்து ஆண்டு விழாவானாலும், பகுத்தறிவுக் கூட்டமேயானாலும், பாட்டுக்காரரைக் கூப்பிடும்போது இந்த ஐந்தையும் செய்யுங்கள். ஜாதி கேட்காதீர்கள். தொகையை முன்கூட்டியே பேசி, மேடையை விட்டு இறங்குமுன் கையில் கொடுங்கள். மற்றவர்களுக்குப் போடும் நாற்காலியையே அவருக்கும் போடுங்கள். பாட்டைக் கட்டியவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பெண் பாட வந்தால் நடத்தையைப் பற்றி வம்பளக்காமல் பாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இந்த மண் அண்ணாமலை ரெட்டியாரைப் பெற்ற மண். அவரைப் போன்ற திறமையுள்ள பிள்ளை இன்றும் இந்த ஊர்த் தெரு ஒன்றில் இருக்கக்கூடும். அவனோ அவளோ ஜமீனுக்கு ஆளாகாமலும், கோவிலுக்கு ஆளாகாமலும், கம்பெனிக்கு ஆளாகாமலும் நிமிர்ந்து பாடும்படி செய்வது உங்கள் கையிலும் உங்கள் ஐம்பது ரூபாயிலும் இருக்கிறது.